கால் பட்ட கண்டன்சர் பெட்டி

கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் சாலையில், ஹயாத் பாஷாவின் காயில் கட்டும் கடைச் சுவரில் அந்த வருஷம் ஓர் அட்டை தொங்கியது. ஒரு பக்கம் அவர் மாட்டிய மெக்கா படக் காலண்டர், இன்னொரு பக்கம் கூட்டாளி செல்லமுத்து மாட்டிய முருகன் படம், நடுவில் இந்த அட்டை. அதில் ஒன்பது விதிகள் எழுதியிருந்தன. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயிகள், புகை பிடிக்காதீர் என்று எழுதியிருக்கிறது போலும் என்று நினைத்து, படிக்காமலே பீடியை அணைத்தார்கள்.

எழுதியவள் பாஷாவின் மகள் தாஹிரா. கல்வராயன் மலைமேல் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். முதல் விதி "பிளக்கைப் பிடுங்கு" என்று ஆரம்பித்தது. ஒன்பதாவது விதி "மறுபடியும் முதலிலிருந்து படி" என்று முடிந்தது. டீச்சர்களுக்கே உரிய கெட்ட புத்தி அது.

விதிகள் எதற்கு என்றால், கடைக்குப் பின்னால், காற்றில் மின்னல் விடுகிற டெஸ்லா காயில் ஒன்று இருந்தது. அது எப்படி வந்தது என்றால், கரண்ட் இல்லாததால் வந்தது. நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் போன வருஷம் அது. கரண்ட் கம்மியாக வந்தால் மோட்டார் எரியும். காயில் கட்டுகிறவர்களுக்கு அது நல்ல காலம். கரண்டே வராவிட்டால் எதுவும் எரியாது. ஊரில் அத்தனை போர் மோட்டாரும் ஆரோக்கியமாகக் கிணற்றுக்குள் தூங்கின. ஹயாத் பாஷாவும் செல்லமுத்துவும் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தேழு வருஷமாகப் பார்த்த முகம். அதில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படியோ கரண்ட் இருந்த நேரத்தில், தாஹிரா தன் கம்ப்யூட்டரில் ஒரு படம் போட்டுக் காட்டினாள். எந்த நாட்டுக்காரனோ ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு கம்பத்திலிருந்து மின்னல் விட்டுக்கொண்டிருந்தான். கையில் பிடித்த டியூப்லைட் ஒயரே இல்லாமல் எரிந்தது. இரண்டு பேரும் கடைசி வரை பார்த்தார்கள்.

"நம்ம காயில்தானே இது," என்றார் பாஷா.

"சுத்துதான் அசிங்கமா இருக்குது பாய்," என்றார் செல்லமுத்து.

அவ்வளவுதான் ஆலோசனை. மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. தியாகதுருகத்தில் மூடிப்போன ஒரு சினிமா கொட்டகையின் நியான் போர்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. அது பன்னிரண்டாயிரம் வோல்ட் கொடுக்கும். சென்னையில் பழைய மைக்ரோவேவ் அடுப்புகளைப் பிரித்து விற்கிற கடையிலிருந்து, கரண்டைத் தேக்கிவைக்கும் ஆறு கண்டன்சர்கள் வந்தன. போர் போடுகிறவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் பைப்பில் செல்லமுத்து கம்பி சுற்றினார். ஆயிரத்து இருநூறு சுற்று, பதினொரு நாள். ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு முடி நுழைய இடமில்லை. பாஷா விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

செல்லமுத்துவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எல்லோரும் செய்வதுதான், ஆனால் எல்லோரும் புத்தகத்துக்கும் மனுஷருக்கும் செய்வார்கள், இவர் ஸ்பேனருக்கும் செய்வார். காயில் கட்டும் கடையில் எல்லாச் சாமானும் தரையில்தான் கிடக்கும். அதனால் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது குனிந்து நிமிர்வார். அதிலும் ஒரு முறை வைத்திருந்தார். சாமான் பெட்டிக்குள் இருந்தால் பெட்டியைத் தொட்டால் போதாது, உள்ளே இருப்பதைத் தொட வேண்டும். பைக்குள் இருக்கும் புத்தகத்தின்மேல் கால் பட்டால் பையைத் திறந்து புத்தகத்தைத் தொடுகிற ஆள்.

"குனிஞ்சு குனிஞ்சே உனுக்கு இடுப்பு போச்சு," என்று பாஷா ஆரம்ப காலத்தில் சீண்டுவார்.

"கால் பட்டுச்சே பாய்," என்பார் செல்லமுத்து, அதற்குமேல் விளக்கம் ஏது என்பதுபோல. சீண்டிச் சீண்டி அலுத்து, பிறகு பாஷாவின் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது. ஃபேன் சுற்றுகிற சத்தம் காதில் விழாதே, அந்த மாதிரி.

பாஷாவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் கண்டன்சரைச் சோதிக்க, அதில் ஒரு நொடி கரண்ட் கொடுத்துவிட்டு, இரண்டு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்ப்பார். டப் என்று பொறி வந்தால் சரக்கு நல்லது. காலி செய்வதும் அதேதான். முப்பது வருஷமாக இந்த மாவட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். டெஸ்லா காயில் முதல்முறை ஒரு சாண் மின்னல் விட்ட அன்றைக்கு, சுவிட்சை அணைத்துவிட்டு, சந்தோஷத்தில் அதே ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதே மாதிரி வைத்தார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து டீக்கடைக்காரர் டயர் வெடித்தது என்று நினைத்து சாலைக்கு ஓடினார். பாஷா வார்னிஷ் டின்களின்மேல் மல்லாந்து கிடந்தார். ஸ்க்ரூடிரைவரின் முனை உருகிக் காணாமல் போயிருந்தது. இரண்டு நாளைக்கு அவர் வலது கையால் டீ கிளாஸ் பிடிக்க முடியவில்லை. மனைவி மெகருன்னிசாவிடம் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அவள் நம்பினாள். தாஹிரா நம்பவில்லை, அவள் கடைக்கு வந்து அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பார்த்தாள்.

"அத்தா, மோட்டார் கண்டன்சர் ஷாக் அடிச்சா கெட்ட வார்த்த வரும். இது அடிச்சா வார்த்தையே வராது. இன்னிக்கி நீங்க ஸ்க்ரூடிரைவரோட பிளாஸ்டிக் பிடியில கை வெச்சிருந்தீங்க, அதான் பொழைச்சீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அப்புறம் மோட்டார் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அன்று முதல் பாஷா மாறிவிட்டார். திருந்தினவர்கள் எல்லாரையும்போல, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாங்க முடியாதவர் ஆகிவிட்டார். விதிப்படி ஒரு தடி செய்தார். மூன்று முழ பிளாஸ்டிக் பைப். நுனியில் பித்தளைக் கொக்கி. கொக்கிக்கும் ஒயருக்கும் நடுவில் வரிசையாக ரெசிஸ்டர்கள். ஒயரின் மறுமுனை பூமியில் புதைத்த எர்த் பைப்பில். கண்டன்சர் வரிசையின் ஒரு முனையும் அதே பைப்பில். கண்டன்சரை ஒரே அடியில் காலி செய்தால் வெடிக்கும். ரெசிஸ்டர் வழியாகப் போனால் சத்தமில்லாமல் இறங்கும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கொக்கியை முனையில் வைத்து, பத்து எண்ண வேண்டும். பிறகு ரெசிஸ்டர் இல்லாத இரண்டாவது கொக்கியை வைக்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டு முனையையும் ஒரு கிளிப் ஒயரால் சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

"அதான் காலி பண்ணியாச்சே, அப்பால கிளிப்பு எதுக்கு?" என்று செல்லமுத்து கேட்டார்.

"எறைச்ச கெணத்துல மறுபடி தண்ணி ஊறுது இல்ல மாமா, அந்த மாதிரி கண்டன்சர்லயும் கொஞ்சம் ஊறும்," என்றாள் தாஹிரா.

"அந்த தடிய புடிச்சிக்கினு நிக்கறப்ப பாய் பாம்பு புடிக்கிறவரு மாதிரியே கீறாரு," என்றார் செல்லமுத்து. ஆனாலும் விதிகளைக் கேட்டுக்கொண்டார். இஷ்டத்தோடு அல்ல.

பாஷா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். மரப்பெட்டியில் அடுக்கியிருந்த கண்டன்சர் வரிசைக்குக் குறுக்கே, கரண்ட் தானாகக் கசிந்து இறங்க ஒரு ரெசிஸ்டர் சங்கிலி போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் வடிகால். அந்தச் சங்கிலியிலேயே சின்னதாக ஒரு நியான் பல்பையும் கோத்தார். சுவிட்சை அணைத்தபின் பல்பு அடுப்புத் தணல் மாதிரி மெல்ல மங்கி, நாலைந்து நிமிஷத்தில் அணையும். அணைந்தால் பெட்டி காலி. இதைத் தானே கண்டுபிடித்ததாக அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தாஹிரா பார்த்துவிட்டு ஆறாவது விதியை எழுதினாள்: "பல்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை என்று அர்த்தம் அல்ல." பாஷாவுக்கு இது வாத்தியார் பேச்சாகத்தான் பட்டது.

தாஹிராவின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. காயிலை மலைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. சுற்றினவர் இல்லாமல் காயில் போகக்கூடாது என்று பாஷா சொல்லிவிட்டார். ஆனால் செல்லமுத்து போக வேண்டுமானால் அவர் மனைவி ராணியம்மாள் விட வேண்டும். அவள் அண்ணன் சின்னக்கண்ணு கரும்புத் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் கை வைத்துச் செத்தவன். கரண்ட் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் பழுது பார்த்தான். கை உள்ளே இருக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் கரண்ட் போன நேரம் என்பது எல்லோருக்கும் ஒரு சௌகரியம். ஃபேன் துடைப்பது, பல்பு மாற்றுவது, பியூஸ் போடுவது எல்லாம் அப்போதுதான். யாரும் பயப்படுவதில்லை.

ராணியம்மாள் கடை வாசலுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க கூட இருக்கறதாலதான் அனுப்பறேன். எங்கண்ணனும் கரண்ட் இல்லன்னுதான் கை வெச்சான். இவரு போற மாதிரியே திரும்பி வரணும்."

"நான் பொறுப்பு தங்கச்சி," என்றார் பாஷா.

சொன்னது மூன்றே வார்த்தை. சொன்ன பிறகுதான் அதன் கனம் அவருக்குத் தெரிந்தது. இருபத்தேழு வருஷத்தில் செல்லமுத்துவுக்காக அவர் யாரிடமும் பொறுப்பு ஏற்றதில்லை. இரண்டு பேரும் அவரவர் பாட்டுக்கு ஷாக் அடித்துக்கொண்டு, அவரவர் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது செல்லமுத்து ஒரு பொருள் மாதிரி ஒப்படைக்கப்பட்டிருந்தார். பாஷாவுக்குப் பயமாக இருந்தது.

கண்காட்சி அன்று காலையில் ஒரு குட்டி யானை வண்டி வந்தது. காயிலை ராணியம்மாளின் பழைய சேலை மூன்றில் சுற்றி, செல்லமுத்து பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். டிரைவரும் இருந்ததால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பாஷா தடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். கண்டன்சர் பெட்டி அவர் காலடியில் ஒரு சாக்கின்மேல் கிடந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் சாலை தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு குழியிலும் பெட்டி ஒரு முறை எம்பி உட்கார்ந்தது. பாஷா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டி, காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுக்கொண்டே வந்தார். காயில் பத்திரமாக இருந்தது. பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் தலைமையாசிரியர் நாராயணசாமி கைகுலுக்கி வரவேற்று, "இது பசங்களுக்குத் தீங்கு ஒண்ணும் பண்ணாதில்லீங்க?" என்று கேட்டார். தாஹிரா ஒன்பது விதியின் நகலை அவர் கையில் கொடுத்தாள். அவர் நாலாவது விதி வரை படித்துவிட்டு, தனக்கு அலுவலகத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

பள்ளியின் எர்த் ஒயர் எங்கே போகிறது என்று தேடிப் பார்த்தார்கள். சுவருக்குள் போயிற்று, வெளியே வரவில்லை. அதனால் ஜன்னலுக்கு வெளியே குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டினார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன் வேடியப்பன் நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். என்ன செடி என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்தது.

பெரிய வகுப்பறையின் ஜன்னல்களில் ஜமக்காளம் கட்டி இருட்டாக்கினார்கள். நடுவில் காயில். சுற்றிலும் எட்டடி தள்ளிக் கயிறு. கயிற்றுக்கு வெளியே இருநூறு பிள்ளைகள். உள்ளே பாஷாவும் செல்லமுத்துவும் மட்டும். இது மூன்றாவது விதி. உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்று பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். கண்டன்சர்கள் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் நின்றன. வரிசையின் முதல் முனையும் கடைசி முனையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு உள்ளங்கை அகலத்தில் இருந்தன.

பாஷா சுவிட்சைப் போட்டார்.

காயில் உச்சியிலிருந்து ஊதா நிறத்தில் மின்னல் கிளம்பி, காற்றில் கிளை கிளையாகப் பிரிந்து, சடசடவென்று துடித்தது. இருநூறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. செல்லமுத்து நாலடி தள்ளி நின்று டியூப்லைட்டை உயர்த்தினார். ஒயரில்லாத டியூப்லைட் அவர் கையில் எரிந்தது. வேட்டி, அரைக்கைச் சட்டை, நரைத்த மீசை, கையில் வெளிச்சம். பாஷாவுக்கு, இந்த ஆள் சுற்றின கம்பி இது என்று இருநூறு பேரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கண்ணை அந்த மின்னலிலிருந்து எடுக்கவே இல்லை. அதுதான் அவர் செய்த தப்பு. கொஞ்சம் கீழே பார்த்திருந்தால், பெட்டியில் எரிய வேண்டிய குட்டி பல்பு எரியவில்லை என்பது தெரிந்திருக்கும்.

மூன்றாவது நிமிஷத்தில் கரண்ட் போயிற்று.

மின்னல் நின்றது, டியூப்லைட் அணைந்தது, அறை கும்மிருட்டாயிற்று. பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள். அவர்களுக்கு இது பழகின விஷயம். கரண்ட் போனால் பாடம் முடிந்தது. வேடியப்பன் போய் ஒரு ஜன்னலின் ஜமக்காளத்தை விலக்கினார். பாஷா நேராகப் போய் முதல் விதிப்படி பிளக்கைப் பிடுங்கினார். சின்னக்கண்ணுவுக்கு நடந்தது இங்கே நடக்காது. தடியை எடுத்துக்கொண்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வடிகாலில் கரண்ட் இறங்க ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் தடி. காத்திருக்கும்போது பல்பு மங்குவதைப் பார்ப்பது அவருக்கு ஒரு சுகம், அதனால் பார்த்தார்.

பல்பு மங்கிக்கொண்டிருக்கவில்லை. முழுக்க அணைந்திருந்தது.

இன்னும் அரை நிமிஷம்கூட ஆகவில்லையே, அதற்குள் எப்படி அணைந்தது? பாஷாவின் மூளை அந்த இடத்தில் ஒரு முறை தடுக்கியது. உடனே மலைச் சாலையும், எம்பி உட்கார்ந்த பெட்டியும் ஞாபகம் வந்தன. வடிகாலின் பற்றவைப்பு எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. சங்கிலி அறுந்தால் பல்பும் எரியாது, கரண்டும் வடியாது. உள்ளே இருந்தது அத்தனையும் அப்படியே இருக்கிறது. ஆறாவது விதி.

அந்த நேரம் பார்த்து, முன்வரிசைப் பிள்ளைகள் தள்ளியதில் கயிறு தொய்ந்தது. செல்லமுத்து டியூப்லைட் உடையக்கூடாதென்று அதை உயர்த்திப் பிடித்தபடி இரண்டடி பின்னால் வந்தார். அவருடைய குதிகால் பெட்டியில் இடித்தது.

பாஷா அதைப் பார்த்தார். இருபத்தேழு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் போன ஒன்று, இப்போது ஒவ்வொரு அசைவாகத் தெரிந்தது. செல்லமுத்து திரும்பினார். எதில் கால் பட்டது என்று பார்த்தார். பல்பையும் பார்த்தார், அணைந்திருந்தது. டியூப்லைட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். குனிந்தார். மரப்பெட்டியைத் தொட்டால் போதாது, உள்ளே இருப்பதைத் தொட வேண்டும். வலது கை விரிந்தபடி கண்டன்சர் முனைகளை நோக்கி இறங்கியது.

கத்தலாம் என்று பாஷா வாயைத் திறந்தார். இருநூறு பிள்ளைகள் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்பது விதியில் எதுவும் இதற்கு உதவவில்லை. கையில் தடி இருந்தது. ஓங்கி அடித்தார்.

அடி செல்லமுத்துவின் விரல் முட்டிகளில் விழுந்தது. டியூப்லைட் தரையில் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்தில் அறை முழுக்க அடங்கியது. செல்லமுத்து கையை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் எல்லோருக்கும் அவர் முகம் தெரிந்தது. வலியைவிட அவமானம்தான் அதில் அதிகம் இருந்தது. வெளியூரில், இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால், மகளாட்டம் வளர்ந்த தாஹிராவுக்கு முன்னால், ஐம்பத்து மூன்று வயசில் மாட்டை அடிக்கிற மாதிரி அடி வாங்கியிருந்தார்.

"இன்னா பாய் இது," என்றார். குரல் எழும்பவே இல்லை.

பாஷா முதலில் தடியை மூக்குக்கு நேரே பிடித்து, எர்த் ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. இடது கையை மறுபடியும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கொக்கியை நீட்டினார்.

கொக்கி முனையைத் தொடுவதற்கு முன்பே, ஒரு விரல்கடை தூரத்தில், நீலப் பொறி ஒன்று சடக்கென்று தாவிப் பிடித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் சாய்ந்தார்கள். பெட்டியிலிருந்து கருகிய வாடை வந்தது. பாஷா வாய்விட்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..." நாலுக்கு அப்புறம் தாஹிராவும் சேர்ந்துகொண்டாள். பத்து வந்ததும் இரண்டாவது கொக்கியை வைத்தார். ஒன்றும் வரவில்லை.

செல்லமுத்து அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். முட்டிகள் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தன. கை இறங்கிக்கொண்டிருந்த இடமும் பொறி பாய்ந்த இடமும் ஒன்றுதான் என்பது யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. காயில் கட்டுகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

"பல்பு அணைஞ்சிருந்துச்சே பாய்."

"வடிகால் உட்டுப்போச்சு. வர்ற வழியில."

"ம்."

"தங்கச்சி கிட்ட இன்னா சொல்றது? போற மாதிரியே வரணும்னு சொல்லிச்சு. கை வீங்கிப்போச்சு."

தாஹிரா பிள்ளைகளைக் கயிற்றிலிருந்து இன்னும் நாலடி தள்ளி நிற்கவைத்து, கண்ணாடித் துண்டுகளை மிதிக்காமல் வெளியே போகச் சொன்னாள். ஒரு பிள்ளையும் நகரவில்லை. மின்னலைவிட இது நன்றாக இருந்தது அவர்களுக்கு.

"பாய்," என்றார் செல்லமுத்து. "இப்ப தொடலாமா?"

"எத?"

"பெட்டிய. கால் பட்டுச்சே."

பாஷா அவரையே பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இந்த ஆள் செத்துப் பிழைத்திருக்கிறார், இன்னும் அந்தக் கால் பட்ட கணக்கு முடியவில்லை. அது முடியாமல் இவரால் மலையிறங்க முடியாது என்பது பாஷாவுக்குத் தெரியும். தெரிந்துகொள்ள இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

"இரு," என்றார்.

இரண்டாவது கொக்கியை மறுபடி வைத்தார். டிக் என்று சின்னதாக ஒரு பொறி, கடுகு வெடிக்கிற அளவுக்கு. ஊறியிருந்தது. செல்லமுத்து தாஹிராவைத் திரும்பிப் பார்த்தார், நீ சொன்னது சரிதான் என்பதுபோல. பாஷா கிளிப் ஒயரை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துப் போட்டார். அப்புறம் தடியைக் கீழே வைத்துவிட்டு, யாரும் எதிர்பாராத விதமாக, தன் வெறும் கையை முனைகளின்மேல் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. கையை அங்கேயே சற்று நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார்.

"இப்ப தொடு."

செல்லமுத்து குனிந்து, வீங்கின கையாலேயே கண்டன்சர்களைத் தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அந்தக் கை கீழே இறங்குவதற்குள் பாஷா அதைப் பிடித்தார். பிடித்ததும் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் வரவில்லை. அந்தக் கைதான் ஆயிரத்து இருநூறு சுற்றும் சுற்றியது, அந்தக் கையின்மேல்தான் அவர் தடியை வீசினார். முட்டிகள் அவர் விரல்களுக்குள் சூடாக இருந்தன. அந்தக் கையை மெல்லத் தூக்கி, தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ஆரம்ப காலத்தில் அவர் சீண்டின அதே பழக்கம்தான்.

செல்லமுத்து கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"அஞ்சு நிமிசம் ஆவல பாய்," என்றார். "எனுக்கு இன்னும் எறங்கல. அதுக்குள்ள தொட்டுட்ட."

"எறங்கட்டும்," என்றார் ஹயாத் பாஷா. "நான் புடிச்சிக்கினே நிக்கறேன்."